செரெவா அக்காவின் முகம்

டெச்சிமான் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், லாரி நிலையத்துக்குப் போகும் சாலையில்தான் எங்கள் வளவு. நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், சுற்றிலும் வாடகை அறைகள். வளவு வாசலில் தகரக் கொட்டகை போட்டு நான் தலை பின்னும் கடை வைத்திருக்கிறேன். செரெவா அக்கா எனக்கு அடுத்த அறை.

நான் குடிவந்த மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, முகம் முழுக்க வெள்ளைக் களிமண் அப்பிய ஒரு பெண் குழாயடியில் குந்திக் கஞ்சிப் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. நான் 'ஐயோ' என்று பின்வாங்கிவிட்டேன்.

"பயப்படாதடி, பேய் இல்ல" என்றாள். "பேயா இருந்தா நான் எதுக்குப் பானை வெளக்கப் போறேன்?"

அப்படித்தான் பழக்கமானோம். அவள் லாரி நிலையத்தில் காரக் கம்பங்கஞ்சியும் காராமணி வடையும் விற்றாள். பெரிய உடம்பு, கனத்த குரல், யாருக்கும் சளைக்காத வாய். முகத்தைக் கழுவியபோதுதான் களிமண்ணுக்குக் கீழே என்ன இருந்தது என்று பார்த்தேன். தாடையிலும் கன்னத்திலும் மோவாயிலும் கட்டிகட்டியாகப் பருக்கள். சில பழுத்து, சில உடைந்து, சில காய்ந்து. ஆறிய இடமெல்லாம் குழி. இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருந்திட்டு. அப்போதே அவளுக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது.

பருக்கள் வந்தது பள்ளிக்கூட நாளில். அவள் அம்மா மான்சா வெங்காய வியாபாரி. முதலில் அந்த அம்மா கவலைப்படவில்லை. வயசுப் பிள்ளைகளுக்கு வருவதுதான், வந்த வழியே போய்விடும் என்றாள். கூடப் படித்த பெண்களுக்கு வந்தவை போயின. செரெவாவுக்கு வந்தவை தங்கிவிட்டன. பாயில் கன்னம் வைத்துப் படுக்க முடியாதபடி வலிக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'வறுகடலை' என்று பெயர் வைத்தார்கள்.

எலுமிச்சைச் சாறு தேய்த்தால் காய்ந்துவிடும் என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். மான்சா சாறு பிழிந்து மகளின் முகத்தில் தடவி, உள்ளே இறங்கட்டும் என்று வெயிலில் உட்கார வைத்தாள். தோல் வெந்துபோயிற்று. அந்தக் கருந்திட்டு அன்று விழுந்ததுதான், பிறகு போகவே இல்லை. அடுத்து, வாழைத்தோல் சாம்பலில் செய்யும் கறுப்பு சோப்பு. காலை, மதியம், மாலை என்று தேய்த்ததில் தோல் உரிந்து வந்தது. பிறகு வேப்பிலை ஆவி, பப்பாளிப் பால், கற்றாழை, மசித்த தக்காளி. ஒவ்வொன்றும் முதல் சில நாள் வேலை செய்வது போலத் தோன்றும். அந்தச் சில நாளை நம்பித்தான் அடுத்ததற்குப் போவார்கள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. செரெவாவுக்கு மாதாமாதம் வரவேண்டியது வருவதில்லை. வருடத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால் அதிகம். மான்சா இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

"கெட்ட ரத்தம் கீழ எறங்க வழியில்லாம மேல ஏறுது. அதான் மூஞ்சில கொப்பளிக்குது."

ஆகவே இஞ்சியும் மிளகாயும் அரைத்துக் கரைத்து, ரப்பர் குமிழில் நிரப்பி, எனிமா கொடுக்க ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் பாதி வியாதிக்கு அதுதான் வைத்தியம்.

"அம்மா, முகம் ஆறுறதுக்கு முன்னாடி அங்க எரியுதே!" என்று செரெவா கத்துவாளாம்.

"சும்மா கெட. எரிஞ்சாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும்."

"என் உயிருதாம்மா வெளிய வரும்!"

இதை அவள் என் கடையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து சொல்லும்போது, காத்திருக்கும் பெண்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்தால் உடைந்த பருக்கள் இழுபடும் என்று ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பாள்.

எதற்கும் போகாத பரு கல்யாணமானால் போய்விடும் என்று மான்சா கடைசியில் முடிவு கட்டினாள்.

ஒஃபோசு வெங்காய லாரி ஓட்டினான். வடக்கே எல்லை வரைக்கும் போய் மூட்டை ஏற்றிக்கொண்டு தெற்கே கடற்கரை வரைக்கும் இறக்குவான். நடுவில் டெச்சிமானில் நிறுத்திக் கஞ்சி குடிப்பான். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "காரம் பத்தல" என்றான்.

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடி, காரமாயிடும்" என்றாள் செரெவா.

அவனுக்குப் புரையேறிக் கஞ்சி சட்டையெல்லாம் சிந்தியது. அதன் பிறகு லாரி இல்லாத நாளிலும் வந்து உட்கார்ந்தான். நிலையத்தில் மற்ற டிரைவர்கள் அவனைக் கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"என்னடா ஒஃபோசு, ரோடு இவ்வளவு குண்டும் குழியுமா இருக்கே, வண்டி தாங்குமா?"

"குண்டும் குழியுமா இருந்தாத்தான்டா டிரைவர் தூங்காம ஓட்டுவான்."

இதைக் கேட்டுக்கொண்டு வடை சுட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கணமே மனசு போய்விட்டது. அவன் மாமனோடு சாராய பாட்டிலும் துணிக்கட்டும் கொண்டுவந்து முறைப்படி பெண் கேட்டான். மான்சா ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

நான் குடிவந்தபோது அவர்கள் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒஃபோசு ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது கொண்டுவருவான். லாரி நிற்கும் இடமெல்லாம், "என் வீட்டுக்காரிக்கு முகத்துல பரு, உங்க ஊர்ல என்ன போடுவீங்க?" என்று கேட்பானாம். வடக்கிலிருந்து சுரைக்குடுவையில், ஷியா மரக்கொட்டையில் எடுக்கும் வெண்ணெய். காட்டுப் பக்கத்திலிருந்து கறுத்த தேன். கடற்கரையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலில் கடல் தண்ணீர். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வந்ததும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, முற்றத்தில் அவளை முக்காலியில் உட்கார வைத்துத் தன் கட்டைவிரலாலேயே ஒவ்வொரு பருவுக்கும் தொட்டுத் தொட்டு வைப்பான். எத்தனை தேய்த்தாலும் டீசல் வாசனை போகாத விரல்.

"மெதுவாய்யா, அது டயர் இல்ல" என்பாள்.

"பேசாத, வாயத் தெறந்தா தோலு ஆடுது."

வளவில் குழாயடியில் நிற்கும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வோம். எங்களில் ஒருத்திக்கும் அப்படி ஒரு கை வாய்க்கவில்லை.

கல்யாணத்தால் பரு போகவில்லை. பிள்ளை பெற்றால் போய்விடும் என்று பேச்சு மாறியது. நாலு மாதம், ஐந்து மாதம் என்று ரத்தம் வராமல் இருக்கும். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டு மெல்ல நடப்பாள். கனமான பானையைத் தூக்க என்னைக் கூப்பிடுவாள். ஒருமுறை நாங்கள் எல்லாரும் வாழ்த்துக்கூடச் சொல்லிவிட்டோம். பிறகு ஒரு காலையில் கறை பட்ட இடுப்புத்துணியைக் குழாயடியில் கசக்கிக்கொண்டிருப்பாள். நாங்கள் குடங்களை நகர்த்தி அவளுக்கு இடம் விடுவோம்.

அதே வருடங்களில் அவள் மோவாயில் முடி முளைக்க ஆரம்பித்தது. விடிவதற்குள் எழுந்து, சின்னக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். பிடுங்கின இடமெல்லாம் மறுபடி கட்டியாகப் பழுக்கும். சொந்த ஊரான கிண்டாம்போவிலிருந்து வந்திருந்த ஒஃபோசுவின் அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, எல்லா அறைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"என் மவன் பொண்டாட்டி கட்டுனானா, பங்காளியக் கட்டுனானா? அவனுக்கே இன்னும் தாடி சரியா வரல!"

அதுவரை எதற்கும் பதில் வைத்திருந்த அக்கா, "உள்ள வாங்க அத்தை, கஞ்சி ஆறுது" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு முகத்துக்கான மருந்தோடு வயிற்றுக்கான மருந்தும் சேர்ந்துகொண்டது. கசப்பு வேர்க் கஷாயம், காட்டுக்காய் ஊறின தண்ணீர், ஜெபக்கூட்டத்தில் கொடுத்த எண்ணெய். அறை முழுக்கக் குப்பிகள். இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் மருந்து தேடினார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க வளவில் யாருக்கும் தோன்றவில்லை. அவளும் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பருவுக்கு யார் ஆஸ்பத்திரி போவார்கள்? பிள்ளைக்காகப் போவதென்றால், அங்கே வரிசையில் உட்கார்ந்து எல்லார் பார்வையிலும் மலடி என்று எழுதி ஒட்டிக்கொள்வது போல அவளுக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒஃபோசு வெறுங்கையோடு வந்தான். அக்கா முற்றத்தில் காராமணி தோல் நீக்கிக்கொண்டிருந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கயிற்றடியில் மாட்டிக்கொண்டேன்.

"செரெவா, கிண்டாம்போல ஒரு பொண்ணு... மாசமா இருக்கா."

"உன் பிள்ளையா?"

"ம்."

அக்கா காராமணியைத் தண்ணீரில் அலசினாள். மேலே மிதந்த தோலைக் கையால் வழித்து ஊற்றினாள்.

"தேன் கேட்டிருந்தேனே. கொண்டாந்தியா?"

"மறந்துட்டேன்."

"சரி."

அவ்வளவுதான் பேசினார்கள். பிறகு அவள் குடும்பத்து ஆண்களும் அவன் குடும்பத்து ஆண்களும் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வாங்கின சாராய பாட்டிலுக்குப் பதில் பாட்டில் கொடுத்து முறைப்படி பிரித்துவிட்டார்கள். ஒஃபோசு அழுதான் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

அதற்கடுத்த தூசிக்காற்றுக் காலத்தில் அவள் முகம் முன்பைவிட மோசமாயிற்று. எதிரிலேயே ஒரு இளம்பெண் கஞ்சிக்கடை போட்டாள். கஞ்சி சுமார்தான், முகம் தேய்த்து வைத்த வெண்கலம் மாதிரி. அக்காவின் பானைக்கு முன்னால் வரிசை சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் ஒரு பெண் வாங்கின கஞ்சியை ஒரு வாய்கூட வைக்காமல் அக்காவின் காலடியிலேயே கொட்டினாள்.

"அந்த மூஞ்சிச் சீழு எதுல விழுதுன்னு யாருக்குத் தெரியும்? பிள்ளைக்குக் கொடுக்கறத எப்படி நம்புறது?"

நிலையமே திரும்பிப் பார்த்தது. அக்கா கரண்டியைப் பானைக்குள் வைத்தாள், மூடினாள், தலைக்குச் சும்மாடு வைத்து, முழுப் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று முழுக்க எங்கள் வளவே கஞ்சி குடித்தது. "குடிங்கடி, ஓசிதான்" என்று எல்லாருக்கும் ஊற்றினாள். நாங்கள் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

மறுவாரம் கரி மூட்டை வாங்கிப்போட்டு வளவு வாசலில் விற்க உட்கார்ந்துவிட்டாள். "கரி விக்கிறவ மூஞ்சிய யாருடி பாக்கப்போறா?" என்றாள். கரித்தூள் அடைத்துப் பருக்கள் இன்னும் பழுத்தன. என் போனில் வரும் வீடியோக்களை எட்டிப் பார்த்து முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள், பட்டைத்தூள் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். நம்பிக்கையால் இல்லை. சாயங்காலம் முகம் கழுவினதும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்படியே நாற்பது தாண்டிற்று. உடம்பு இன்னும் பெருத்தது. ஓயாத தாகம். "குழாயையே விழுங்கிடுவா போல" என்று வளவில் கேலி செய்வோம். ஒருநாள் கரி மூட்டை இழுக்கும்போது செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் கால் கழுவும்போது தண்ணீர் சிவந்ததும்தான் பார்த்தாள்.

"வலிக்கலையாக்கா?"

"இல்லடி. நல்ல காலம்."

அந்தப் புண்ணுக்கும் அவளிடம் மருந்து இருந்தது. தேன் வைத்தாள், கறுப்பு சோப்பால் கழுவினாள், ஷியா வெண்ணெய் பூசிக் கட்டினாள். ஆறவில்லை. கால்விரல் கறுத்து, அறை வாசலில் நின்றாலே நாற்றம் அடிக்க ஆரம்பித்த பிறகு நான் அவள் தங்கை தச்சிவாவுக்குப் போன் போட்டேன். அவள் சுன்யானியிலிருந்து ஓடிவந்தாள். இருவரும் சேர்ந்து அக்காவை டாக்ஸியில் திணித்தோம். "ஆணி குத்துனதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். காலைப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். பிறகு அக்காவின் தாடையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பரு எப்பருந்தும்மா?"

"பள்ளிக்கூடம் போனதுலேர்ந்து. அது கெடக்கட்டும் டாக்டரம்மா, காலப் பாருங்க."

"மாசாமாசம் ஒழுங்கா வந்துச்சா?"

"எங்க... வருசத்துக்கு ரெண்டு, மூணு."

"பிள்ளைங்க?"

"இல்ல."

"இந்த முடி?"

அக்கா மோவாயைக் கையால் மூடிக்கொண்டாள். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சினைப்பையில் ஒரு கோளாறு என்றார். நிறையப் பெண்களுக்கு இருப்பதுதான் என்றார்.

"பரு அதனாலதான். முடி அதனாலதான். பிள்ளை நிக்காததும் அதனாலயா இருக்கும். சர்க்கரையும் அந்த வழியாத்தான் வந்திருக்கும். ஆறாத புண்ணு சர்க்கரையால. எல்லாம் ஒரே கயிறும்மா."

"அப்ப மூஞ்சில வியாதி இல்லையா?"

"வியாதி உள்ள. மூஞ்சில தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

அக்கா மோவாயிலிருந்து கையை எடுத்தாள்.

"மருந்து இருந்துச்சா? அப்பவே?"

"இருந்துச்சும்மா."

"வந்திருந்தா பிள்ளை பொறந்திருக்குமா?"

டாக்டர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "உறுதியாச் சொல்ல முடியாது. நிறைய பேருக்குப் பொறந்திருக்கு."

தச்சிவா வெளியே ஓடிப்போய் அழுதாள். அக்கா அழவில்லை. "எங்கம்மா ரத்தம் மேல ஏறுதுன்னு சொல்லிட்டே இருந்தா" என்றாள். "பாதி சரியாத்தான் சொல்லியிருக்கா பாவம்." அதைக் கேட்டு யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, ஒஃபோசு அண்ணன் நிலையத்துக்கு வரும்போது நான் போய்ச் சொல்லட்டுமா? உன் மேல தப்பு இல்லன்னு. வைத்தியம் இருந்துச்சுன்னு."

அவள் என் கையைப் பிடித்த வேகத்தில் வளையல் நசுங்கியது.

"வாயத் தெறந்த, உன்கூடப் பேசவே மாட்டேன். அவனுக்கு அங்க பிள்ளைங்க இருக்கு. இதக் கேட்டுட்டு ஸ்டியரிங்கப் பிடிச்சான்னா நேரா மரத்துல விடுவான். எனக்கு அவனத் தெரியும்."

நான் சொல்லவில்லை. அவன் இப்போதும் வெங்காயம் ஏற்றிக்கொண்டு எங்கள் சாலை வழியாகத்தான் போகிறான். வளவைத் தாண்டும்போது ஒரு தடவை ஹாரன் அடிப்பான். கரி மூட்டைக்குப் பின்னால் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருப்பவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

அந்த வருடத்தில்தான் அவள் முகத்தில் புதுப் பருக்கள் வருவது நின்றது. உடம்பு மெலிந்ததாலோ, வயதாலோ, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையாலோ. குழிகளும் கருந்திட்டும் மட்டும் அப்படியே இருந்தன. நான் கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப எதுக்கு இது?"

சர்க்கரை மாத்திரை கொஞ்ச காலம் ஒழுங்காகக் கிடைத்தது. பிறகு, வரவில்லை, அடுத்த மாதம் பாருங்கள் என்று மருந்தகத்தில் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். வெளிக்கடையில் வாங்கக் கரி வியாபாரம் இடம் கொடுக்கவில்லை. ஒருநாள் மதியம் பார்த்தால், கசப்புக்கீரையைக் கசக்கிச் சாறு எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி இதா அக்கா?"

"மருந்து இல்லன்னு அனுப்புனா வேற என்னத்தடி குடிக்க?"

போன மழைக்கு மிச்சமிருந்த காலில் சுண்டுவிரல் கறுத்தது. அவள் அதைக் காலுறை போட்டு மறைத்துவிட்டாள். மழையில் அவள் வழுக்கி விழ, தூக்கிவிட்டுக் காலுறையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். உடனே கொண்டுபோனோம். இந்தத் தடவை வேறு டாக்டர். முகத்தைப் பார்க்கவே இல்லை, காலை மட்டும் பார்த்தார். இதையும் எடுக்கவேண்டும் என்றார். தச்சிவா ஒத்துக்கொண்டுவிட்டாள். அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார இடம் விட்டாள்.

"மூஞ்சி சரியில்லன்னு கஞ்சிய விட்டேன். ஒத்தக் கால்ல உக்காந்து கரி வித்தேன். ரெண்டு காலும் போச்சுன்னா எதடி விக்கிறது, சொல்லு?"

வாய்க்கு வந்த எதையோ சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சொல்வதைக் கேள், உயிராவது மிஞ்சும் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "மிஞ்சட்டும்" என்றாள். கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்திருந்த காகிதத்தைத் தலையணைக்கடியில் தள்ளினாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னதும் நான் எழுந்து வந்துவிட்டேன்.